கவிமணி படித்த கல்லும் ஓலையும்: ஒரு நாஞ்சில் நாட்டுப் பயணம்

ஜூன் 12, வியாழன். நாகர்கோவில், தேரூர்

நாகர்கோவிலில் இறங்கும்போதே நல்ல மழை. கரூரில் முந்தின நாள் வரை வெயிலில் வெந்துகொண்டிருந்த எனக்கும் தம்பிக்கும் அது பெரிய சந்தோஷமாக இருந்தது, விடுதி அறைக்குப் போகும் வரைக்கும். அறையில் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. வேறு அறை கேட்டால் இல்லை என்றார்கள். கட்டிலை நகர்த்தி, ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து, எதிரே இருந்த கடையில் சூடாக ரசவடையும் டீயும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது ரூபாய்கூட ஆகவில்லை. ரசத்தில் ஊறிய பருப்பு வடையை இந்த ஊர்க்காரர்கள் காலையில் சாப்பிடுகிறார்கள், மாலையிலும் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் நியாயம் தெரியும்.

நாங்கள் தேடி வந்தது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை. வெள்ளைப் பசுவும் கன்றும் வரும் குழந்தைப் பாட்டைத் தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளை இல்லை, அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் அந்தப் பாட்டோடு முடிந்துவிடுகிறது. ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படித்த கவிமணியும், ஓலைக்கட்டுகளைப் பிரித்துப் படியெடுத்த கவிமணியும், தன் சொந்தச் சாதியின் சொத்து வழக்கத்தையே எதிர்த்து எழுதிய கவிமணியும் பாடப்புத்தகத்தில் கிடையாது. எனக்கு அது பல வருட ஆதங்கம். பள்ளி திறந்து பரபரப்பு அடங்குவதற்குள் நாலைந்து நாள் விடுப்பு கிடைத்தது, கிளம்பிவிட்டோம்.

தேரூருக்கு ஆட்டோவில் போனோம். ஓட்டுநர் இருநூறு கேட்டார், நூற்று எண்பதுக்கு வந்தார், அப்புறம் குளத்தங்கரையில் நாங்கள் கேட்காமலேயே நிறுத்தி "எக்கா, இதப் பாக்காம போனா எப்பிடி" என்று இறக்கிவிட்டார். மழை மேகத்துக்குக் கீழே பரந்து கிடந்தது குளம். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசை வரும் பறவைகளுக்கு இது காலமில்லை என்றாலும் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பத்து நிமிடம் காத்திருந்ததற்கு அவர் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை.

1876 ஜூலை 27 அன்று இந்தத் தேரூரில்தான் பிறந்தார் கவிமணி. அப்பா சிவதாணுப் பிள்ளை உப்பு வணிகம் செய்தவர், அம்மா ஆதிலட்சுமி. ஊர் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பள்ளியில் மலையாளம்தான். தமிழை அவர் பக்கத்தில் வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியாகப் போய்க் கற்றார். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாக வளர்ந்ததால்தானோ என்னவோ, பழைய எழுத்து எதைக் கண்டாலும் அவருக்கு மிரட்சி இருக்கவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டைப் படிக்கப் போகிறவனுக்குத் தமிழும் மலையாளமும் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாலையில் சுசீந்திரம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டே பதினெட்டடி அனுமார் முன்னால் நின்றான். எல்லோரும் இசைத்தூண் பக்கம் போக, நான் பாறையையும் சுவரையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோயில் ஒரு பாறையைச் சுற்றி வளர்ந்தது. பழைய கல்வெட்டுகள் அந்தப் பாறையில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கிலும் விளக்கு வெளிச்சத்திலும் எனக்கு நாலு எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. பிற்காலத்தில் கே.கே. பிள்ளை இந்த ஒரு கோயிலை வைத்தே ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் எழுதினார். அதற்கு முன்பே, பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு நடுவில், இந்த நாட்டுக் கோயில் சுவர்களில் எழுத்து தேடி அலைந்திருக்கிறார் கவிமணி.

ஜூன் 13, வெள்ளி. அழகியபாண்டியபுரம், புத்தேரி

காலையில் புட்டு, பயறு, பப்படம், கூடவே மட்டிப்பழம். பப்படத்தை நொறுக்கிப் பயறோடு பிசைந்து சாப்பிட வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்தார். நாற்பத்தைந்து ரூபாய். மதியம் வரை பசிக்கவில்லை.

பூதப்பாண்டி வழியாக அழகியபாண்டியபுரம் போகிற பேருந்தில் மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தபோது மலை ஊருக்கு மேலேயே நின்றது. வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, வாழையும் தென்னையும் அப்படியொரு பச்சை.

இந்த ஊர்ப் பெரியவீட்டு முதலியார் குடும்பம் வேணாட்டு அரசர்களின் கீழ், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள இந்த நாஞ்சில் நாட்டு நிர்வாகத்தைப் பார்த்த குடும்பம். அவர்கள் வீட்டில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த ஓலைகள் இருந்தன. வரிக்கணக்கு, கடன் சீட்டு, பாசனத் தகராறு, அரசாங்க உத்தரவு, அடிமைகளை விற்று வாங்கிய ஆவணம், எல்லாம். கவிமணி இங்கே வந்து அவற்றைப் பார்த்துப் படியெடுத்தார். பின்னால் முதலியார் ஓலைகள் என்று ஆய்வாளர்கள் எடுத்துப் பேசுவது இவற்றைத்தான். ராஜாக்களின் சண்டையை மட்டும் வரலாறு என்று நினைத்த காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், மனுஷனை மனுஷன் விலைக்கு விற்ற சீட்டையும் மதகுத் தகராறையும் உட்கார்ந்து எழுதி எடுத்திருக்கிறார். அவர் கவிதைகள் எல்லாவற்றையும்விட எனக்கு இந்தக் காரியம் பெரிதாகப் படுகிறது. கவிதைப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தெருவில் ஒரு பெரியவரிடம் ஓலைகளைப் பற்றிக் கேட்டேன். அவர் வீட்டு மச்சிலும் ஒரு கட்டு இருந்ததாம், அவர் சின்னப் பையனாக இருந்தபோது கரையான் அரித்துவிட்டது என்று மொத்தமாகத் தூக்கி ஆற்றில் விட்டுவிட்டார்களாம். "அதுல எங்க வயலுக்க எல்லையெல்லாம் உண்டும்னு சொல்லுவாங்க" என்றார். ஒன்றும் நடக்காத மாதிரி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

திரும்பும் வழியில் புத்தேரியில் இறங்கினோம். கவிமணியின் மனைவி உமையம்மையின் ஊர். 1901இல் கல்யாணம். 1931இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் வாழ்ந்ததும், 1954 செப்டம்பர் 26 அன்று இறந்ததும் இங்கேதான். குழந்தைகள் இல்லை. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டு எழுதியவருக்கு.

மழை வலுத்ததால் ஒரு வீட்டுப் படிப்புரையில் ஒதுங்கினோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே "நனையாண்டாம் மக்கா, உள்ள வா" என்றார். வயது எண்பத்தைந்து இருக்கும். சுக்குக்காப்பி வந்தது, முந்திரிக்கொத்து வந்தது. கவிமணியைப் பற்றிக் கேட்க வந்தோம் என்றதும் பாட்டி பாட்டைப் பற்றிப் பேசவில்லை. நேராகச் சொத்துக்குப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் அன்றைக்கு மருமக்கள் வழி இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு, அதைக்கூடக் கொடுக்க மனமில்லாத வீடுகள் உண்டு. தாய்வழி என்றவுடன் பெண்களுக்கு ராஜ்ஜியம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குடும்பச் சொத்தை ஆண்டது காரணவர் என்ற மூத்த ஆண். புருஷன் செத்த வீட்டில் மனைவிக்கு இடமே இல்லை.

பாட்டியின் அம்மாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவருடைய அப்பா இறந்தார். "பதினாறு கழிஞ்ச மறுநாளு மருமக்கமாரு வந்து பத்தாயத்தப் பூட்டிட்டாங்க. எங்க அம்மைக்க அம்மை மூணு பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு, உடுத்த துணியோட, சொந்த அண்ணன் வீட்டுக்கு நடந்து போனா. அங்கயும் அண்ணம் பொண்டாட்டிக்கு இவ வந்தது பிடிக்கல. பின்ன பிடிக்குமா? அவளுக்க பிள்ளையளுக்கும் நாளைக்கு அதே கதிதான?" என்றார் பாட்டி. அவர் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னால் நடந்த சம்பவம், நேற்று நடந்தது போலச் சொன்னார். நெல் கொட்டி வைக்கும் அந்தப் பத்தாயத்துச் சாவி எந்த ஆணியில் தொங்கியது என்பது வரைக்கும் சொன்னார்.

இந்த அவலத்தைத்தான் கவிமணி நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியமாக எழுதினார். ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி, சிரிக்கச் சிரிக்க எழுதினார். 1917-18இல் தமிழன் இதழில் வந்தது, 1942இல் புத்தகமானது. நடுவில் 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது, மனைவி மக்களுக்குச் சொத்தில் உரிமை கிடைத்தது. சட்டத்துக்காக உழைத்தவர்கள் பலர். இருந்தாலும், அந்த வழக்கத்தால் பலன் பெற்ற ஆண்களே வாசித்துச் சிரித்து, சிரித்த வாயோடு கூசிப்போகும்படி செய்தது அந்த நூல் என்று நான் நம்புகிறேன். அதே சாதியில் பிறந்து, அதே ஊர்க்காரர்கள் முகத்தில் தினமும் விழித்துக்கொண்டு இதை எழுதியிருக்கிறார். என்ன துணிச்சல்!

"அவரு எழுதினத எங்க அம்மை மனப்பாடமா சொல்லுவா. பள்ளிக்கூடம் போகாதவ" என்றார் பாட்டி. கிளம்பும்போது காசு கொடுக்கப் போன தம்பிக்கு நல்ல திட்டு விழுந்தது.

ஜூன் 14, சனி. சிதறால்

மார்த்தாண்டத்தில் மாறிப் போக வேண்டிய பேருந்து வரவேயில்லை. முக்கால் மணி நேரம் நின்று, ஆட்டோ பிடித்து, பாதி வழியில் டயர் பஞ்சராகி, மழையில் ஒரு ரப்பர் தோட்ட ஓரமாக நின்றோம். ஓட்டுநரைவிட நாங்கள்தான் பதறினோம். அவர் நிதானமாக மாற்றுச் சக்கரத்தைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வாங்கித் தந்து, தாமதத்துக்கு இதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். தேங்காயும் குடம்புளியும் போட்ட குழம்பு. இன்னும் நாக்கில் இருக்கிறது.

மலையேறும் வழி நல்ல கல்பாதை, ஆனால் மழையில் வழுக்கியது. மேலே பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் சிற்பமாக வரிசையாக இருக்கிறார்கள். கீழே தென்னந்தோப்பு கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் சொல்லும் இடம் இது. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்கிருக்கும் பகவதிக்குப் பொன் கொடுத்ததை ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது.

முந்தின நாள் பத்தாயம் பூட்டிய கதையைக் கேட்டுவிட்டு வந்து அந்தப் பாறைக்கு முன்னால் நின்றேன். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் இதே மண்ணில் ஒரு பெண் ஆசிரியரிடம் படித்திருக்கிறாள், தன் பெயரில் பொன் கொடுத்திருக்கிறாள், அதைக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குச் சொத்து கிடையாது, ஆதியிலிருந்தே வழக்கம் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் பதில் இந்த மலைமேல் இருக்கிறது. கல்வெட்டு படிக்கிற ஒருவரே சொத்துரிமைக்காகவும் எழுதியதில் எனக்கு இனிமேல் ஆச்சரியமில்லை. வழக்கம் என்பது ஒரு காலத்தில் தொடங்கியது, எனவே இன்னொரு காலத்தில் மாறலாம் என்று பழைய எழுத்தைப் படித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

இறங்கும்போது தம்பி வழுக்கி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, குடை இரண்டு துண்டு. மார்த்தாண்டத்தில் புதுக்குடை இருநூற்று ஐம்பது.

ஜூன் 15, ஞாயிறு. பார்த்திபபுரம், புதுக்கடை

மழை விட்டு வெயில் வந்துவிட்டது, புழுக்கம் தாங்கவில்லை. முஞ்சிறைக்குப் பக்கத்தில், தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது பார்த்திபபுரம் விஷ்ணு கோயில். அதிகக் கூட்டமில்லை. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று இந்தக் கோயிலை எடுத்து, 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும், அதாவது கல்விக்கூடமும், வைத்தான். இதைப் பதிந்த செப்பேடு தெளிவாகப் பேசுகிறது. மாணவர்கள் சண்டை போட்டால் தண்டம் உண்டு என்பது வரை அதில் விதி இருக்கிறது. அன்றைய விடுதிக் காப்பாளர்களுக்கும் இதே தலைவலிதான் போல.

இந்தச் சாலைக்கு முன்மாதிரி என்று செப்பேடு சொல்வது காந்தளூர்ச் சாலையை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில், கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதியில், வருகிற அதே சாலை. சோழன் அங்கே செய்தது கடற்போரா, வேறு காரியமா என்று அறிஞர்கள் பல காலம் மோதிக்கொண்டார்கள். கவிமணியும் அதில் இறங்கி 1939இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். குழந்தைப் பாட்டுக்காரர் ஆங்கிலத்தில் சோழர் கல்வெட்டு பற்றி வாதாடியதை எங்கள் பள்ளியில் சொன்னபோது சக ஆசிரியர்களே நம்பவில்லை.

புதுக்கடையில் சாயா குடிக்க உட்கார்ந்தோம். ஏத்தன்பழ பஜ்ஜி பன்னிரண்டு ரூபாய், கை நீளத்துக்கு. கடையிலிருந்த வயதானவர் ஒருவர், ஊருக்குள் எதைப் பார்க்க வந்தோம் என்று விசாரித்துவிட்டு, கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்களே என்று வருத்தப்பட்டார். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. பட்டம் தாணுப்பிள்ளை முதல்வராக இருந்த திருவிதாங்கூர்-கொச்சி அரசு அது. சுட்ட சத்தம் கேட்டுத் தன் அம்மா தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடியதாக வீட்டில் சொல்லுவார்கள் என்றார் அவர். அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார்.

அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்து ஏழு வாரத்துக்குள் கவிமணி இறந்துபோனார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைப் பார்க்க அவர் இல்லை. பள்ளியில் மலையாளம் படித்துத் தமிழை மடத்துத் திண்ணையில் கற்ற மனிதர் இன்னும் இரண்டு வருடம் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜூன் 16, திங்கள். திருவனந்தபுரம்

களியக்காவிளையைத் தாண்டியதும் பலகையில் எழுத்து மாறுகிறது. பேருந்துக்குள் பேச்சு அப்படி ஒன்றும் மாறவில்லை. நடத்துநர் எனக்குத் தமிழில் பதில் சொன்னார், பின்னாலிருந்தவருக்கு மலையாளத்தில் சில்லறை கொடுத்தார்.

காந்தளூர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சிவன் கோயில் திருவனந்தபுரம் வலியசாலையில் இருக்கிறது. போனபோது நடை சாத்தியிருந்தார்கள், சாயங்காலம்தான் திறப்பார்களாம். வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, பெண்கள் கல்லூரி வாசல் வரை போய்ப் பார்த்தோம். கவிமணி தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கல்லூரி. 1926 சட்டம் வந்து ஐந்து வருடம் கழித்துதான் ஓய்வு பெற்றார்.

மதியம் கரமனையில் சாப்பாடு. புத்தேரிப் பாட்டி தன் உறவினர் வீட்டுக்கு நேற்றே போன் செய்து எங்கள் வரவைச் சொல்லிவிட்டார், மறுக்க முடியவில்லை. சம்பா அரிசிச் சோறு, தீயல், அவியல், புளிசேரி. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், பேச்சில் தமிழும் மலையாளமும் சம பங்கு. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா காலத்துப் பாகப்பத்திரம். கொல்லம் ஆண்டு 1103 என்று போட்டிருந்தது, அதாவது 1927-28. தமிழ்தான், ஆனால் கையெழுத்து படிக்கச் சிரமமாக இருந்ததால் நானும் அவரும் தம்பியும் மாறி மாறி எழுத்துக் கூட்டினோம். மனைவியின் பெயர் இருந்தது. அடுத்து இரண்டு பெண் பிள்ளைகளின் பெயர்கள், ஆளுக்கு எந்த வயலில் எவ்வளவு என்று. அந்த இடத்தில் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூத்த பெண்ணின் பெயரைக் காட்டி, "இது எனக்க அம்மை" என்றார்.

தாள் மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. எங்கள் போனில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படமெடுத்து அவருடைய மகனுக்கும் அனுப்பினோம். அழகியபாண்டியபுரத்துக்காரர் ஆற்றில் விட்ட கட்டைப் பற்றிச் சொன்னேன். மச்சில் இன்னொரு பெட்டி கிடப்பதாகவும் ஓணத்துக்கு மகன் வரும்போது இறக்கச் சொல்வதாகவும் சொன்னார். இறக்கும்போது கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன் என்று நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு வண்டி இரவில்தான் என்பதால் சாலைக் கடைவீதியில் நேந்திரங்காய் வறுவல் கால் கிலோ வாங்கினோம், நூற்று இருபது ரூபாய், தேங்காய் எண்ணெயில் போட்டது. திரும்பவும் மழை.